எண்ணெய்க் குழியும் நொதியப் பவுடரும்

அடைச்ச கழிவுத்தண்ணிக் குழிக்குப் பவுடர் விக்கிறவனுக்கு ஒரு கடையிலயும் கதிரை போட மாட்டாங்க. கடை கடையா ஏறி இறங்கிற உங்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். என்ட பவுடருக்குள்ள இரிக்கிறது நொதியம். தண்ணிய வச்சே எண்ணெய்க் கட்டியத் துண்டு துண்டா உடைச்சுப்போடும். நீர்ப்பகுப்பு எண்டு இரவு வகுப்புல படிச்ச நான். கண்ணால கண்டது செட்டிபாளையத்தில, யோகண்ணன்ட சோத்துக்கடைக் குழியிலதான்.

எண்ணெய் உறைஞ்சு குழி அடைச்சு, சட்டி கழுவின தண்ணி றோட்டுக்கு வந்திட்டு. "மாசக் கடைசி வெள்ளிக்குள்ள சரி பண்ணாட்டி கடைக்குச் சீல்" எண்டு சுகாதாரம் பாக்க வந்த பி.எச்.ஐ. சொல்லிட்டுப் போயிட்டார்.

சுடுதண்ணி

இளஞ்சூட்டுத் தண்ணியில கரைச்சு ஊத்துங்க எண்டு சொல்லிப்போட்டு வந்தன். அஞ்சு நாளால போனா, கட்டி கல்லுமாதிரி அப்படியே கிடக்கு. விசாரிச்சா, மனுசன் சோத்துக் கிடாரத்தில தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சுக் கரைச்சிரிக்கார். கொதிதண்ணியில நொதியம் செத்திரும் அண்ணன் எண்டன்.

"அரிசியே கொதிச்சாத்தான் வேகுது, உன்ட சாமானுக்கு மட்டும் என்னடா செல்லம்?"

வெள்ளைப் பவுடர்

ரெண்டாவது பைக்கற்ற நானே சும்மா குடுத்தன். அடுத்த நாள் எட்டிப் பாத்தா குழி முழுக்க வெள்ளை. மணம் மூக்க அரியுது. அவர்ட பொஞ்சாதி மணியக்கா என்ட பவுடருக்கு மேல ஒரு பை பிளீச்சிங் கொட்டியிரிக்கா. பிளீச்சிங் பட்டாலும் நொதியம் செத்திரும். ரெண்டாந்தரமும் கொலை! அவ என்னையே ஏசினா.

"பி.எச்.ஐ. வாற நேரம் குழி நாறிக்கிட்டுக் கிடந்தா, அவருக்கு நீயா தம்பி பதில் சொல்லுவாய்?"

கடைசி வெள்ளி

பிளீச்சிங் போகக் குழியக் கழுவி, மூணாவது பைக்கற்றை நானே கை வச்சுச் சூடு பாத்து ஊத்தினன். வெள்ளிக்கிழமை பி.எச்.ஐ. வந்தார். மூடியைத் தூக்கினம். கட்டியக் காணல்ல! யோகண்ணன் என்ட கையப் பிடிச்சிட்டார்.

நாங்க பாத்துக்கொண்டு நிக்க, தண்ணி கடகடவெண்டு இறங்குது. கட்டி அடைச்சிருந்த இடத்தில ஒரு பழைய குழாய் வாயத் திறந்து கிடக்கு. பி.எச்.ஐ. குழாய் போற வழியே வேலியத் தாண்டி நடந்தார். கடைக் கழிவெல்லாம் நேர வாவிக்குள்ள ஊத்துது. பின்னேரம் கடைக் கதவில சீல். யோகண்ணன் என்னைப் பாத்துச் சொன்னது இதுதான்:

"இந்தளவுக்கு வேலை செய்யுமெண்டு ஏன்டா தம்பி முதலே சொல்லல்ல?"

வேலை செய்யாத சாமான வித்தா ஏச்சோட போயிரும், வேலை செய்யிற சாமான வித்தா அந்தத் தெருவாலயே போகேலாது.