கரண்டியில் பொரிந்த ஆயில்

நம் அடுப்பங்கரையில் தனியாக ஓர் ஆணியில் தொங்குகிற இரும்புக் கரண்டியைக் குழம்புக்கு எடுத்தால் அம்மா ஏன் சத்தம் போடுகிறாள் என்று நீங்கள் இரண்டு பேரும் பலமுறை கேட்டுவிட்டீர்கள். அது லாரிக்கு உள்ள கரண்டி. அந்தக் கதை நடந்தபோது நீங்கள் காலாண்டு விடுமுறைக்குச் சிவகாசியில் அத்தை வீட்டில் இருந்தீர்கள். எழுதட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா நாலு பேரு சிரிக்கிற மாதிரி எழுதாதீக" என்றாள். முடிந்தவரை பார்க்கிறேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்ற வேண்டும். தீபாவளி நெருங்கிவிட்டது. அந்தச் சமயத்தில் ஒரு நாள் வண்டி நின்றால் கம்பெனிக்காரர்கள் வேறு வண்டியைப் பிடித்துக்கொள்வார்கள். அதன்பின் சீசன் முடியும்வரை நம்மைக் கூப்பிட மாட்டார்கள். நமக்கு இருப்பது ஒரே வண்டி. அந்தச் சீசன் ஓட்டத்தை வைத்துத்தான் வருசத்தில் பாதியைத் தள்ளுகிறோம்.

கிளம்புவதற்கு முன், எஞ்சின் ஆயில் அளவைக் காட்டும் குச்சியை உருவிப் பார்ப்பது என் வழக்கம். அன்றைக்கு உருவினேன். அளவு மேல் கோட்டையும் தாண்டி நின்றது. ஓடுகிற வண்டியில் ஆயில் குறையும், கூடாது. குச்சியில் ஒட்டியிருந்ததும் கறுப்பாக இல்லை. பால் விட்ட காப்பி மாதிரி வெளுத்து, நுரைத்துப்போய் இருந்தது.

ஆயிலில் தண்ணீர் சேர்ந்தால்தான் அந்த நிறம் வரும். எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டுக்கு அடியில் தண்ணீரைத் தடுக்கிற கேஸ்கெட் போயிருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்கும். அப்படியென்றால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும். பிரித்துப் பூட்டுவதற்குள் தீபாவளியே போய்விடும்.

விருதுநகரில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் மாமாவுக்குப் போன் போட்டேன். மாமா என்று நீங்கள்தான் கூப்பிடுகிறீர்கள். எனக்கு அவன் எட்டாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

"ஏலே, ஸ்டார்ட் பண்ணினியா?"

"இன்னைக்குப் பண்ணலடா. நேத்து எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி இறக்கினதோட சரி."

"நல்லவேளை. சாவியத் தொடாத. வாரேன்."

நம் ஆமத்தூருக்கு பைக்கில் வந்து சேர்ந்தவன், மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து நின்ற வண்டியைப் பார்த்தான். "மாப்பிள்ளை கணக்கா நிக்கானே, இவனுக்கா சீக்கு?" என்றான். குச்சியைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்து, விரலில் தேய்த்துப் பார்த்தான். முகம் மாறியது.

"தங்கச்சி, ஒரு பழைய கரண்டி இருந்தா தா. அடுப்ப இங்கன கொண்டாந்துட்டா இன்னும் நல்லது."

அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "வெடி ஏத்துற வண்டிக்குப் பக்கத்துல அடுப்பா? அண்ணே, நல்லாத்தான் இருக்கீகளா?"

"வண்டி காலியாத்தான நிக்கி?"

"காலியா நின்னாலும் வெடி வண்டிதான். அடுப்பு இருக்கிற இடத்துலதான் இருக்கும். நீங்க உள்ள வாங்க."

உங்கள் அம்மா கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பல வருசம் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறி வேலைக்குப் போனவள். தீயைப் பற்றி அவளிடம் பேசி யாரும் ஜெயிக்க முடியாது. இரண்டு ஆம்பளைகளும் குச்சியைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனோம்.

அம்மா கரண்டியை ஈரமில்லாமல் துடைத்துச் சூடாக்கினாள். மாமா குச்சி நுனியிலிருந்து ஒரு சொட்டை அதில் விட்டான். சுத்தமான ஆயில் என்றால் சும்மா பரவிப் புகையும். தண்ணீர் கலந்திருந்தால் பொரியும். அன்றைக்கு அது ஓலைவெடிச் சரம் மாதிரி படபடவென்று பொரிந்தது. அம்மா ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"தண்ணிதான், சந்தேகமே இல்ல" என்றான் மாமா. "அது எங்கனருந்து வந்துச்சுங்கிறதுதான் இப்பக் கேள்வி."

வெளியே வந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தோம். எஞ்சின் சூட்டைத் தணிக்கத் தண்ணீரோடு கலந்து ஊற்றியிருந்த பச்சைக் கூலன்ட் கழுத்துவரை நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் மாமா தலையை ஆட்டவில்லை.

"கொஞ்சமா இறங்கியிருந்தா இங்கன தெரியாதுலே. வண்டி நேத்துல இருந்து அசையாமத்தான நிக்கி? தண்ணி கனம். ஆயிலுக்கு அடியில போய் உக்காந்திருக்கும். ஆயில் தொட்டி அடி போல்ட்ட லேசாத் தளத்தினா அதுதான் முதல்ல வரும். பச்சையா வந்தா ஹெட்ட இறக்கணும். வெறும் தண்ணியா வந்தா வெளியில இருந்து போனது. மழையில நனைஞ்சதா?"

"இங்க எங்கடா மழை?"

அவன் வண்டிக்கு அடியில் படுத்தான். நானும் பக்கத்தில் படுத்து, அகல வாய்க் கண்ணாடி பாட்டிலைப் பிடித்தேன். போல்ட்டை அவன் திருகத் திருக, எனக்கு அந்தப் பச்சை நிறம்தான் கண்ணுக்குள் நின்றது. போல்ட் ஓரத்தில் முதலில் ஒரு சொட்டு வந்தது. அப்புறம் நூலாக ஒழுகியது. பிறகு பால் காப்பி வர ஆரம்பித்ததும் மாமா போல்ட்டை இறுக்கிவிட்டான்.

பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்தோம். மேலே காப்பி நிறத்தில் ஒரு படலம். கீழே கலங்கலாகத் தண்ணீர். பச்சை இல்லை, துளிகூட இல்லை. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாமா மட்டும் பாட்டிலை விடாமல் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீருக்குள் நார் மாதிரி ஏதோ சுற்றியது. ஒரு குச்சியால் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து முகர்ந்தான். "ஏலே, புளிடா!" என்று கத்தினான். "இஞ்சினுக்குப் புளிக்குழம்பு வச்சது யாருலே?"

நான் சிரிக்க வாயெடுத்தேன். அதற்குள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டேன். கையில் காப்பி டம்ளரோடு அசையாமல் நின்றாள்.

"அந்த மூடி..." என்றாள். "நேத்துக் காலையில நீங்க பொரி, பூ வாங்க விருதுநகர் போனீகள்ல. அப்ப வண்டியக் கழுவினேன். கேபினுக்குள்ள இஞ்சின் மேல மூடியிருக்கிற பலகையத் தூக்கினா, அந்த மூடி ஒண்ணு கன்னங்கரேல்னு கிடந்துச்சு. கழத்திப் புளி போட்டுத் தேச்சேன். அது இருந்த வாயையும் தேச்சேன்."

ஓடிப்போய்ப் பலகையைத் தூக்கினேன். ஆயில் ஊற்றுகிற வாயின் மூடி, பூஜைக்கு விளக்கிய செம்பு மாதிரி மின்னியது. ஆயில் குச்சி இருப்பது வேறு பக்கம் என்பதால் எனக்கு இது கண்ணில் படவில்லை.

"தேச்சதுல இம்புட்டுத் தண்ணி போகாதே, தங்கச்சி" என்றான் மாமா மெதுவாக.

"ஒரு சொம்பு ஊத்தினேன்."

"எதுக்குள்ள?"

"அந்த ஓட்டைக்குள்ளதான். உள்ள கறுப்புக் கறுப்பா அப்பிக் கிடந்துச்சு, அண்ணே. எங்க கம்பெனியில ரூம்ல ஒரு பொட்டுக் கறுப்பு கிடந்தாக்கூட தண்ணி ஊத்திக் கழுவாம வீட்டுக்கு விட மாட்டாக. மருந்துத் தூசி தங்கினா என்ன ஆகும்னு தெரியும்ல? மறுநாள் இவுக வெடி லோடோட போறவுக. அம்புட்டு வெடிக்குப் பக்கத்துல இந்தக் கறுப்பு சூடாகிக்கிட்டே போகுமே, அதான் கழுவி விட்டேன்."

மாமாவுக்குக் கேலி பேச வாய் துறுதுறுக்கும். அன்றைக்கு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆயில் கரியையும் வெடிமருந்தையும் ஒன்றாக நினைக்கிற ஆள் இந்தப் பக்கத்து ஊர்களில்தான் இருப்பாள். நான் லோடு ஏற்றிப் போகிற ஒவ்வொரு நாளும் அவள் எதை நினைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. "பார்த்துப் போங்க" என்று வாசலில் சொல்வாள். நானும் "சரி" என்று சொல்லிவிட்டு கியரைப் போடுவேன்.

"வண்டிய நாசம் பண்ணிட்டேனாண்ணே?"

"பழத்து மேல ஏத்தி இறக்கின நேரம்தான ஓடியிருக்கு. ஒண்ணும் ஆயிருக்காது. இவன் குச்சியப் பாக்காம புதுப்பட்டிக்கு முடுக்கியிருந்தாத்தான் பேரிங் போயிருக்கும்" என்றான் மாமா. "போய் இன்னொரு காப்பி போடு. இது ஆறிப்போச்சு."

எல்லா ஆயிலையும் வடித்தோம். உள்ளே மிஞ்சிய தண்ணீரை அலசி எடுக்க விலை குறைந்த ஆயிலை ஊற்றிக் கொஞ்ச நேரம் மட்டும் எஞ்சினை ஓடவிட்டு, அதையும் வடித்தோம். புது ஃபில்டர் மாட்டிப் புது ஆயில் ஊற்றினோம். இதற்கிடையில் கம்பெனி மேனேஜர் போன் மேல் போன். "பூஜை மாலை சிக்கிக்கிச்சு சார், இந்தா வந்துட்டேன்" என்றேன். நம்பினாரோ என்னவோ, மத்தியானம்வரை லோடை வேறு வண்டிக்குக் கொடுக்கவில்லை.

புது ஆயிலோடு எஞ்சினைச் சூடேற விட்டு நிறுத்தியதும், அம்மாவே கரண்டியைத் துடைத்து அடுப்பில் வைத்தாள். ஒரு சொட்டு விட்டேன். குனிந்து காதைக் கொடுத்தாள். சத்தமே இல்லை. மெல்லப் பரவிப் புகைந்தது, அவ்வளவுதான். அப்புறமும் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தாள்.

"சரி, கிளம்புங்க" என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெடி லோடுக்கும் முன் அந்தக் கரண்டி அடுப்பில் ஏறுகிறது. மாமா பார்த்தால், "தண்ணி ஊத்தாத வண்டிக்கு எதுக்குலே டெஸ்ட்டு?" என்று கேட்பான். கேட்டால் கேட்கட்டும். எஞ்சினுக்குள் கறுப்பாக இருப்பது வெடிமருந்து இல்லை, வெறும் ஆயில் கரி என்று அம்மாவுக்கு நான் படம் போட்டே விளக்கிவிட்டேன். அவளுக்கும் புரிந்துவிட்டது. ஆனாலும் குச்சியைத் துடைக்காமல் அப்படியே அடுப்பங்கரைக்கு எடுத்துப் போய் ஒரு சொட்டு விடுகிறேன். அவள் குனிந்து கேட்கிறாள். அவள் நிமிர்ந்த பிறகுதான் நான் சாவியை எடுப்பேன்.