கம்ப்ரசரை நிமிர்த்திய ஏழு நாள்

மாரமங்கலம் பக்கத்தில் மருந்தடிக்கும் மிஷின் நின்றுபோனாலும், காப்பிப் பழம் தோலுரிக்கும் மிஷினுக்குப் பல் உடைந்தாலும் குழந்தைவேலின் பட்டறைக்குத்தான் வரும். அவருக்கு யாரும் தொழில் கற்றுக் கொடுக்கவில்லை. எஸ்டேட்டில் பம்பு ஓட்டிய காலத்தில், கெட்டுப்போனதைக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே சாக்கின் மேல் அடுக்கி, பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் பூட்டிக் கற்றுக்கொண்டது. அவசரம் என்ற பேச்சே அவரிடம் எடுபடாது. நாளைக்கு வாங்க என்றால் நாளைக்குத்தான். எஸ்டேட் முதலாளியே வந்து வாசலில் நின்றாலும் நாளைக்குத்தான்.

வீடு மேட்டில், பட்டறை கீழே ரோட்டோரம். நடுவில் பதினாறு கல்படிகள். போன தை மாதம் மிளகு பறிக்க ஏணியில் ஏறிய அவருடைய மனைவி அத்தாயி கீழே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். சேலத்தில் ஆபரேஷன் முடிந்ததும் அடிவாரத்தில் குப்பனூரில் இருக்கும் மகள் கவிதாவின் வீட்டில் படுக்க வைத்திருந்தார்கள். மூன்று மாதத்துக்குப் படி ஏறக் கூடாது. மகள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். ஆனால் ஒற்றை அறை வீடு. ஒன்றுக்குப் போக வேண்டுமென்றாலும் மருமகன் சந்தோஷ் வெளியே போகும்வரை அத்தாயி அடக்கிக்கொண்டு கிடந்தாள். கூச்சத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள்.

பார்க்கப் போன குழந்தைவேலிடம் அவளே வழி சொன்னாள்.

"ஏனுங்க, பட்டறைக்குத்தான் படி இல்லீங்களே. அங்க ஒரு கட்டிலைப் போட்டா நான் பாட்டுக்குக் கெடந்துக்குவேன்."

"எங்க போடறது? கம்ப்ரசர் நீட்டமாக் கெடக்குது."

"அதென்ன இடுப்பு ஒடிஞ்சா கெடக்குது? எழுப்பி நிக்க வைங்க. அது நிக்கட்டும், நான் படுத்துக்கறேன்."

கவிதா சிரித்தாள். குழந்தைவேலும் சிரித்துக்கொண்டே மலைக்குப் பஸ் ஏறினார்.

அந்தக் கம்ப்ரசர் ஆளுயர நீளத்தில் சுவரோரம் படுத்துக் கிடந்தது. காற்றடைக்கும் டேங்க்கின் முதுகில் பம்பும் மோட்டாரும் உட்கார்ந்திருந்தன. அப்படியே தூக்கி நிறுத்தினால் பம்பு பக்கவாட்டில் சாய்ந்துவிடும். உள்ளே இருக்கும் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி, சுழலும் பாகங்கள் வறண்டு பிடித்துக்கொள்ளும். டேங்க்கில் வேறு மேடை வைத்துப் பற்ற வைக்கலாமென்றால், காற்றழுத்தம் தாங்கும் தகட்டில் வெல்டிங் நெருப்புப் படக் கூடாது. ஆகவே பம்பையும் மோட்டாரையும் தனியே இறக்கி, மூலையில் காங்கிரீட் மேடை போட்டு அதில் முடுக்கிவிடுவது, டேங்க்கை மட்டும் நிமிர்த்திச் சுவரோடு இரும்புப் பட்டி போட்டு நிறுத்துவது, இரண்டையும் ஹோஸால் இணைப்பது என்று முடிவு செய்தார். மூடுபனிக் காற்று டேங்க்குக்குள் தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் விடும். அதை வடிக்கும் வால்வையும் புது அடிப்பக்கத்துக்கு மாற்றினார்.

திங்கட்கிழமை காங்கிரீட் போட்டு, மேலே சாக்கை நனைத்துப் போர்த்தினார். ஏழு நாள் இறுகாமல் பம்பை ஏற்றினால் அதிர்வில் போல்ட்டு ஆடிவிடும். அதுவரை டேங்க்கும் பம்பும் மோட்டாரும் அறை நடுவில் கிடந்தன.

வியாழக்கிழமை அத்தாயி போனில் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, ஆச்சுங்களா?"

"மூணு நாளுதான் ஆயிருக்குது. இறுக வேண்டாமா?"

"நானென்ன காங்கிரீட்டு மேலயா படுக்கப் போறேன்?"

சந்தோஷ் போனை வாங்கினான். "மாமா, மிஷினை வெளிய எடுத்துப் போட்டுத் தார்ப்பாயை மூடிட்டீங்கன்னா, இப்பவே வண்டியில கூட்டியாந்துடறனுங்க."

"மூடுபனிக்குத் துரு ஏறிரும் மாப்பிள்ளை. திங்கக்கெழம ஆகட்டும்."

போன் மறுபடி கைமாறியது. "செரிங்க," என்றாள் அத்தாயி. "திங்கக்கெழமையே வர்றேன். இத்தனை நாள் இருந்தாச்சு." அவள் குரலில் கோபம் இல்லை. கல்யாணமான நாள்முதல் அவரைத் தெரிந்தவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி டம்ளரைக் கையில் வாங்கியவள் மூச்சு முட்டுகிறது என்றாள். சந்தோஷ் வண்டியை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. காலில் உறைந்த ரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டதாக டாக்டர் சொன்னார்.

செய்தி வந்ததும் குழந்தைவேல் பட்டறைக் கதவை அகலத் திறந்தார். பம்பை வெளியே இழுத்துப் போட்டார். மோட்டாரை இழுத்துப் போட்டார். டேங்க்கை உருட்டி ரோட்டோரம் தள்ளினார். தரையைக் கூட்டிக் கட்டிலைப் போட்டு அவளுடைய போர்வையை விரித்தார். எல்லாம் அரைமணி நேரத்தில் ஆகிவிட்டது.

அத்தாயியின் உடலோடு வண்டி வந்து நின்றதும், அவருடைய பெரியப்பா மகன் கந்தசாமி வாசலை மறித்துக் கையை நீட்டினார்.

"வேண்டாந் தம்பி. வெளிய போன உசுரு. உள்ள கொண்டு போறது நம்ம பழக்கத்துல இல்ல."

"அவளுக்குத்தானுங்கண்ணா எடம் பண்ணுனேன்."

"தெரியுது தம்பி. ஆனாலும் வேண்டாம்."

கட்டிலை வெளியே தூக்கி வந்து அதில் அவளைக் கிடத்தினார்கள். காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து மூடுபனி ஏறி வந்தது. அது அவள் முகத்தில் ஈரமாகப் படியப் படிய, குழந்தைவேல் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். கவிதா கையைப் பிடித்துத் தடுத்தும் விடவில்லை.

காரியம் முடிந்த பிறகு, ஆட்கள் வேலையோடு வந்து திரும்பிப் போவதைப் பார்த்து, வெளியே கிடந்தவற்றை உள்ளே எடுத்துவந்து பூட்டினார். மட்டம் பார்த்தார், ஆயில் பார்த்தார், ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு முறை பார்த்தார். கட்டிலுக்கென்று விட்ட இடத்தில் எதையும் வைக்கவில்லை.

முதல் வேலையாகக் கரடியூர் எஸ்டேட் ரைட்டர் தனபால், பெயின்ட் அடிக்க ஒரு மிஷின் மூடியைக் கொண்டுவந்தார். கம்ப்ரசர் ஓடுவதைக் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, ஆட்டமே இல்லீங்களே! நொம்பச் சுத்தமான வேலைங்க."

குழந்தைவேல் சுவிட்சை அணைத்தார். "இது நாலு நாள் வெளிய தார்ப்பாய்க்கு அடியில கெடந்திருந்தா என்னங்க ஆயிருக்கும்?"

ஏன் கேட்கிறார் என்று தனபாலுக்குத் தெரியவில்லை. "என்னங்க ஆகப்போவுது? மேலாப்புல கொஞ்சம் துரு ஏறும். உப்புக் காயிதம் போட்டுத் தேச்சாப் போயிரும்," என்றார்.

அது குழந்தைவேலுக்கு அந்த வியாழக்கிழமையே தெரியும்.