மண்டபத்தின் வழியாக வரும் ஆள்

என் அப்பா அன்ரனைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. ஜெர்மனியில் ஹம் நகரில் கம்பி இழுக்கும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருடமாகப் பொதி கட்டுகிறார். விடியற்காலை தொடங்கும் வேலை இரண்டு மணிக்கு முடியும். ஜெர்மன் கடிதம் வந்தால் இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு என் முன்னால் வைப்பார். கணினியோ தொலைபேசியோ ஏதாவது கேட்டால் பச்சையாக இருக்கும் பொத்தானை அழுத்துவார். பச்சை என்றால் ஆபத்தில்லை என்பது அவர் போட்ட சட்டம். பேச்சு குறைவு. கோபம் வந்தால் இன்னும் குறைவு.

நான் வெரோனிக்கா, அவருடைய மூத்த மகள். எனக்கு வாய் நீளம். அவர் பேசாமல் விட்டதையெல்லாம் நான் பேசித் தீர்க்கிறேன் என்று அம்மா சொல்வார். என் தம்பி யூட்சன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மாதிரி. பேசவும் தெரியும், நிறுத்தவும் தெரியும். போன வருடம் ஜூன் மாதம் ஓட்டோபான் அதிவேக வீதியில் நடந்த விபத்தில் இறந்துபோனான். இருபத்தொன்பது வயது.

அன்றிலிருந்து அப்பா அவன் பெயரைச் சொன்னதில்லை. படத்துக்கு முன்னால் அம்மா மெழுகுதிரி கொளுத்தினால் எழுந்து பல்கனிக்குப் போய்விடுவார். எனக்கு அவர்மேல் சரியான கோபம். பெற்ற பிள்ளைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதன் என்ன மனிதன் என்று ஒருநாள் முகத்துக்கு நேரே கேட்டும் விட்டேன். அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

நான் டோர்ட்மண்டில் தியாகராசா அண்ணையிடம் அவருடைய இணையத் தளங்களைக் கவனிக்கும் வேலை செய்கிறேன். எங்கள் ஆட்கள் காலைத் தேத்தண்ணியோடு முதலில் திறப்பது இணையத்தில் வரும் மரண அறிவித்தல்களைத்தான். யார் போனது, எந்த ஊர், யாருக்கு மைத்துனர் என்று பார்த்த பிறகுதான் மற்ற வேலை. அந்தத் தளம் அண்ணையுடையது. கலியாண மண்டபமும் அவருடையது, பூக்கடையும் அவருடையது. தாலி முதல் மலர்வளையம் வரைக்கும் அண்ணையைத் தாண்டி ஒருவரும் போக முடியாது என்று அலுவலகத்தில் பகிடி பண்ணுவோம். மூன்றுக்கும் மூன்று இணைய முகவரிகள். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு கிளை முகவரி, படங்களுக்கு இன்னொன்று, அனுதாபம் எழுதுவதற்கு வேறொன்று. யூட்சனுக்கும் ஒரு பக்கம் இருந்தது. அதைச் செய்தது நான்தான்.

இந்த வருடம் மே மாதம் அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

“வெரோ, மண்டபம் பாக்க வாறவையும் பூ வாங்க வாறவையும் துயர் பாக்க வாறவையும் ஒரே ஆக்களோ, வேற வேற ஆக்களோ? எனக்கு அது தெரியவேணும்.”

“செய்யலாம் அண்ணை. எல்லா முகவரியையும் ஒண்டாக் கோர்க்கவேணும்.”

“கோர். அதோட இன்னொரு விஷயம். ஒரு வருஷம் தாண்டின பக்கங்களுக்கு மாசம் பத்துப் பேராவது வராட்டி மூடுவம். புத்தகமா அச்சடிச்சு வீட்டுக்காரரிட்டக் குடுப்பம். ஜூன் முப்பது கடைசி நாள்.”

யூட்சனுக்கு ஜூன் மூன்றாம் தேதி ஆண்டு நினைவுத் திருப்பலி. ஆனாலும் எனக்குப் பயம் வரவில்லை. போன மாதம் மட்டும் அவன் பக்கத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு வருகை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தால் வந்ததும் அம்மா என்னிடம் கேட்பது அதைத்தான். நான் எண்ணைச் சொல்வேன். “பாத்தியே, என்ர பிள்ளையை இன்னும் முந்நூறு பேர் தேடி வரினம்” என்பார். அந்த எண்ணை வைத்துத்தான் அவர் அந்த வருடம் முழுவதும் சாப்பிட்டார், படுத்தார். அவர் பார்ப்பது அதில் சேராது. வருகிறவரை அடையாளம் வைக்கும் குக்கிக்குச் சம்மதமா என்று கேட்கும் பெட்டியில் எப்போதும் மறுப்பைத்தான் அழுத்துவார். மறுத்தவர்களை நாங்கள் எண்ணுவதில்லை. என்னுடைய கணினியையும் தொலைபேசியையும் நான் கணக்கிலிருந்து விலக்கி வைத்திருந்தேன். ஆகவே முந்நூறு பேரும் வெளியார் என்றுதான் நானும் நம்பினேன்.

கோர்க்கத் தொடங்கியபோதுதான் பழைய அமைப்பின் கோளாறு தெரிந்தது. ஒருவர் அறிவித்தலிலிருந்து படங்களுக்குப் போனால் அது புது வருகை. படங்களிலிருந்து அனுதாபப் பகுதிக்குப் போனால் இன்னொரு புது வருகை. திரும்பி வந்தால் மறுபடியும் ஒன்று. வீட்டுக்குள்ளேயே குசினிக்கும் ஹோலுக்கும் நடக்கிற ஆளை ஒவ்வொரு தடவையும் புது விருந்தாளி என்று எழுதி வைத்தது போல. எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. ஒரு வருடமாக இதைக் கவனிக்காமல் என்னத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்?

ஒழுங்காகச் செய்தேன். எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்குப் போனாலும், போகிறவரின் அடையாள எண் அந்த இணைப்போடு கூடவே போகும். மண்டபத் தளத்தில் ஒருவருக்கு என்ன எண்ணோ, துயர்த் தளத்திலும் அதே எண். மூன்று நாள் சோதித்தேன். ஒரு ஓட்டை இல்லை.

இரண்டு கிழமை கழித்து யூட்சனின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வருகை பத்து. வந்தவர், ஒருவர்.

ஒரே ஒருவர். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு தடவை, பிற்பகல் இரண்டு இருபதுக்கு. நாற்பது நிமிடம் இருக்கிறார். அறிவித்தல், படங்கள், அனுதாபம், திரும்பவும் படங்கள். அனுதாபப் படிவத்தில் எழுதத் தொடங்குகிறார், பத்து நாளும் தொடங்குகிறார், ஒருநாளும் அனுப்பவில்லை. என்ன எழுதினார் என்பதை நாங்கள் பதிவதில்லை. தொடங்கியது மட்டும் தெரியும். இன்னொரு விசித்திரம், இந்த ஆள் ஒருநாளும் நேராக வரவில்லை. முதலில் கலியாண மண்டபத்தின் பக்கம். அதன் அடியில் இருக்கும் ‘துயர் பகிர்வு’ இணைப்பை அழுத்தி, அங்கிருந்து யூட்சனிடம்.

தனி ஆளைத் துரத்திப் பார்க்காதே, கூட்டத்தை மட்டும் பார் என்று தொழில் படித்த காலத்தில் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லித் தந்தார்கள். நான் பார்த்தேன். அந்த எண்ணுக்கு உரிய ஆள் முதல் தடவை வந்த தேதி அங்கே இருந்தது. போன வருடம் மே பதினோராம் தேதி, சனிக்கிழமை, மாலை நான்கு பன்னிரண்டு. மண்டபத் தளம். பெரிய மண்டபத்தின் படங்கள், இருநூற்றைம்பது பேருக்கான இருக்கை வரைபடம், கடைசியில் முன்பதிவு விசாரணை அனுப்பப்பட்டிருக்கிறது.

அண்ணையின் அஞ்சல் பெட்டியில் அந்த நாளைத் தேடினேன். நான்கு மணிக்குப் பிறகு வந்த விசாரணை ஒன்றுதான். பெயர், யூட்சன் அன்ரன்.

செத்துப்போன என் தம்பி, தன் கலியாணத்துக்கு மண்டபம் பார்த்த அதே ஆளாக, நாள்தோறும் இரண்டு இருபதுக்கு வந்து தன்னுடைய மரண அறிவித்தலைப் படித்துக்கொண்டிருந்தான். பிழை எங்கே என்று மூன்று தரம் சரிபார்த்தேன். பிழை இல்லை. நான் கோர்த்தது சரியாகவே இருந்தது. இயந்திரத்துக்கு ஆளைத் தெரியாது, கருவியைத்தான் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது யூட்சனின் தொலைபேசி. விபத்தில் நொறுங்கிவிட்டது என்று நாங்கள் நினைத்திருந்த தொலைபேசி.

அப்போதுதான் அந்த மே மாதம் ஞாபகம் வந்தது. யூட்சனும் தக்சாயினியும் கலியாணம் செய்ய முடிவெடுத்திருந்தார்கள். அவள் சைவப் பிள்ளை. தேவாலயமும் வேண்டாம், ஐயரும் வேண்டாம், பதிவுத் திருமணம் முடித்து மண்டபத்தில் எல்லாருக்கும் சாப்பாடு என்பது அவர்கள் திட்டம். அப்பா அன்றைக்கு ஒரே ஒரு வசனம் சொன்னார். “தேவாலயத்தில இல்லாத கலியாணத்துக்கு நான் வரமாட்டன்.” யூட்சன் சண்டை பிடிக்கவில்லை. சோபாவில் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்து, “அப்பா, ஒருக்கா மண்டபத்தை மட்டும் பாருங்கோ” என்று தொலைபேசியை அவர் முகத்துக்கு முன்னால் பிடித்தான். அப்பா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் இருந்தான். பிறகு சிரித்துக்கொண்டு எழுந்து போனான். மூன்றாவது கிழமை அவன் இல்லை.

இரண்டு மணிக்கு வேலை முடிகிற ஆள் எங்கள் வீட்டில் ஒருவர்தான். மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஹம்முக்குத் திரும்பினேன். இரண்டு மணிக்குத் தொழிற்சாலை வாசலுக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். அப்பா வெளியே வந்தார், வீதியைக் கடந்தார், பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்தார். சாப்பாட்டுப் பையிலிருந்து லேஞ்சித் துணியில் சுற்றிய தொலைபேசியை எடுத்தார். மூலை உடைந்திருந்தது. வீட்டுக்குப் போகிற பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. கதை அளந்துவிட்டு வருகிறார் என்று அம்மா ஒரு வருடமாகத் திட்டிய நேரம் இதுதான்.

நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவர் ஒளிக்கவில்லை.

“நீ வேலைக்குப் போகேல்லையே?”

“இது யூட்சன்ர போன்.”

“ஓம். பொலிஸ் தந்த பைக்குள்ள கிடந்தது. சார்ஜ் போட்டன். அம்மான்ர பிறந்த நாளைக் குத்தத் திறந்துது.” உடைந்த மூலையைப் பெருவிரலால் தடவினார். “திறந்தவுடன மண்டபம் வந்துது. அவன் எனக்குக் காட்டின இடம். மூடாமல் விட்டிருக்கிறான். அடியில துயர் எண்டு கிடந்தது, அமத்தினன். ஏதோ கேட்டுது, பச்சையை அமத்தினன். அங்க அவன் நிக்கிறான்.”

“நேரா அவன்ர பக்கத்துக்குப் போகலாம் அப்பா. நான் காட்டித் தாறன்.”

“வேண்டாம். எனக்கு இந்த வழிதான் தெரியும்.”

“எழுதத் தொடங்கிறியள், பிறகேன் அனுப்பாமல் விடுறியள்?”

அவர் முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். “அதும் தெரியுமோ உனக்கு?”

“என்ன எழுதினீங்கள் எண்டு தெரியாது.”

“அனுப்ப விடுகுதில்லை பிள்ளை. என்ன முறை எண்டு கேக்குது.” விரலால் காட்டினார். பட்டியல் விரிந்தது. தந்தை, தாய், சகோதரர், மைத்துனர். “முதல் இருக்கிறதே தந்தை. எனக்கு அமத்தக் கை வருகுதில்லை. கேட்ட நேரம் திரும்பிப் பாக்காதவன், இப்ப போய்த் தந்தை எண்டு எழுதிக்கொண்டு நிக்கிறதோ?”

முறை சொல்லாமல் எங்கள் ஆட்கள் யாருக்கும் அனுதாபம் எழுத மாட்டார்கள், அதைக் கட்டாயமாக்கு என்று அண்ணை சொன்னார். கட்டாயமாக்கியவள் நான். என்னை நானே அறைய வேண்டும் போலிருந்தது. அழாத மனிதன் என்று இவரை எத்தனை நாள் மனதுக்குள் வைதிருக்கிறேன்.

“அப்பா, இந்தப் பக்கம் முப்பதாம் தேதி மூடப்படும். வாறது நீங்கள் ஒராள்தான். நான் அண்ணையிட்டச் சொன்னால் விடுவார்.”

அவர் அடுத்த பஸ் வரும் வரைக்கும் யோசித்தார்.

“மூடு பிள்ளை. திறந்து கிடந்தால் நான் சாகுமட்டும் வருவன். அவனையும் போக விடமாட்டன்.”

அன்று பிற்பகலே வீட்டிலிருந்து முறை கேட்கும் கட்டாயத்தை எடுத்துவிட்டேன். பெயரும் கட்டாயமில்லை. மறுநாள் அறிக்கையை உள்ளது உள்ளபடி கொடுத்தேன். தியாகராசா அண்ணை யூட்சனின் வரியில் விரலை வைத்தார். “ஒராளோ? உன்ர தம்பியின்ர எண்டால் கிடக்கட்டும் வெரோ, விடு.” வேண்டாம் அண்ணை, வீட்டில் கேட்டுவிட்டேன் என்றேன். அம்மாவுக்கு மட்டும் பொய் சொன்னேன். முந்நூறு பேர் பார்த்துவிட்டார்கள், இனிப் புத்தகமாக வரும் என்றேன். “அவ்வளவு பேர் பாத்தது போதும்” என்று அவர் புத்தகத்துக்கு அட்டைப் படம் தெரிவு செய்யத் தொடங்கினார். அந்தப் பொய்க்காக நான் வெட்கப்படவில்லை.

அடுத்த நாட்களிலும் அப்பா இரண்டு இருபதுக்கு வந்தார், எழுதத் தொடங்கினார், அனுப்பவில்லை. கட்டாயத்தை எடுத்ததை நான் அவரிடம் சொல்லியிருந்தேன். ஓம் என்று மட்டும் சொன்னார். நாட்கள் போகப் போக எனக்குத்தான் பயம் பிடித்தது. எழுதாமலே முப்பதாம் தேதி வந்துவிட்டால் இந்த மனிதன் அந்தச் சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

ஜூன் முப்பது திங்கட்கிழமை. பக்கங்களை மாலை ஐந்து மணிக்கு மூடவேண்டும். அன்றும் அவர் மண்டபத்தின் வழியாக வந்தார். இரண்டரைக்குப் படிவத்தைத் தொடங்கினார். மூன்று மணி. மூன்றரை. வேறு நாட்களில் இந்த நேரம் போயிருப்பார். நான் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டுக் குடிக்கவில்லை. மூன்று நாற்பத்திரண்டுக்கு என்னுடைய அனுமதிக்கு ஒரு அனுதாபம் வந்து நின்றது. பெயர் இல்லை. முறை இல்லை.

‘மண்டபம் பாத்தன். நல்ல மண்டபம். வந்திருப்பன்.’

அனுமதியை அழுத்தினேன். எழுத்துகள் கலங்கித் தெரிந்ததால் இரண்டு தரம் அழுத்தவேண்டியிருந்தது. அவர் பக்கத்தைப் புதுப்பித்தார். தன் சொல் அங்கே நிற்பதைப் பார்த்திருப்பார். இனி எழுந்து பஸ் ஏறுவார் என்று நினைத்தேன். நான்கு மணி ஆனது, நான்கரை ஆனது. அறிவித்தல், படங்கள், அனுதாபம், திரும்பவும் படங்கள். அந்த ஆள் அசையவில்லை.

ஐந்து மணிக்குப் பக்கத்தை மூடினேன். மூடும்போது அப்பா உள்ளேதான் இருந்தார்.