இடக்கையால் வரைந்த படம்

எல்.கே.ஜி. டீச்சருக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பாட்டும் எழுத்தும் மற்ற டீச்சர்களுக்கும் சொல்லித்தர வரும். மூலையில் நின்று அழுகிற பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு சேர்த்துவிடுகிற வித்தை மட்டும் இவருக்குத்தான் கைவந்தது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அதில் அவருக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லை என்று சொன்னால் அது பொய்.

வித்தை பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளி திறந்த இரண்டாவது வாரம் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காரவைப்பார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கிரேயான் டப்பா. ஒருத்தரை ஒருத்தர் வரைய வேண்டும். சிவப்பு வேண்டுமென்றால் எதிரில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று விசாரித்து அதைப் படத்தின் கையில் கொடுக்க வேண்டும். மூக்கு காதுக்குப் பக்கத்தில் போயிருக்கும். ஆனால் பெயரும் முகமும் ஆயுசுக்கும் மறக்காது.

அந்த வருஷம் வகுப்பில் இருபத்தொரு பேர். ஒற்றைப்படை வந்தால் மிச்சமாகும் பிள்ளைக்கு டீச்சரே ஜோடி. அப்படி மிச்சமானவள் பஞ்சு. நடந்தால் சத்தமே கேட்காது என்பதால் டீச்சர் வைத்த பட்டப்பெயர் அது. யாரோடும் பேசாத பிள்ளை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு டீச்சருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து ஆயா வந்து, பெரிய டீச்சர் கூப்பிடுவதாகச் சொன்னாள்.

"ரெண்டே நிமிஷம் கண்ணு, இதோ வந்துடறேன்."

அங்கே ஏதோ படிவம், ஏதோ கையெழுத்து, நடுவில் ஒரு டீ. திரும்பி வரும்போது மணி அடித்துவிட்டது. பஞ்சு அதே இடத்தில் இருந்தாள். டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. நாளைக்குச் சேர்ந்து வரைவோம் என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் வேறு வேலை. அடுத்த வாரம் அடியோடு மறந்தே போனார்.

பெற்றோர் வரும் நாள் காலையில் சுவரில் படங்களை ஒட்டும்போதுதான் எண்ணிப் பார்த்தார். இருபது படம். பஞ்சு எங்கே? பிள்ளைகள் வர அரைமணி நேரம் இருந்தது. ஒரு தாளை எடுத்தார். வலக்கையால் வரைந்தால் பெரியவர் கை என்று தெரிந்துவிடும். இடக்கையால் கோணல்மாணலாக ஒரு முகம், இரண்டு சடை, கையில் ஒரு பலூன். பலூன் எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்காது?

"என்ன டீச்சர், இடது கையில வரையிறீங்க?" என்றாள் துடைப்பத்தோடு வந்த ஆயா.

"வலது கை வலிக்குது."

கீழே 'வரைந்தவர்' என்ற இடத்தில், ரேடியோ என்று அவர் கூப்பிடும் ஒரு பையனின் பெயரை எழுதினார். ஓயாமல் பேசுவதால் ரேடியோ. நாளுக்கு நாலு படம் கிறுக்குகிறவன், ஐந்தாவதாக ஒன்று அவன் கணக்கில் சேர்ந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தார்.

பஞ்சுவின் அம்மா கீழே இருந்த பெயரை மகளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அந்தப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். "எம்பொண்ணையும் ஒரு புள்ள வரைஞ்சிருக்கே டீச்சர்" என்று சொல்லிப் படத்தைத் தொட்டுப் பார்த்தாள். டீச்சர் சிரித்துவைத்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் உடம்பு கூசும்.

மறுநாளிலிருந்து பஞ்சு ரேடியோவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிஸ்கட்டில் பெரிய பாதி அவனுக்கு. அவன் தண்ணீர் பாட்டிலுக்கு மூடி திருகுவதும் அவள்தான். அவனும் கூச்சநாச்சமில்லாமல் தின்றுகொண்டு பேசித் தள்ளினான். டீச்சர் நிம்மதியாக மூச்சுவிட்டார். நல்லதுதானே நடந்திருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து அது வெடித்தது.

"நீ என்னை வரைஞ்சேல்ல, அதான் உனக்குத் தர்றேன்" என்றாள் பஞ்சு.

"நான் எங்க உன்னை வரைஞ்சேன்?"

"செவுத்துல இருக்கே."

"நான் வரையல. நீ பொய் சொல்ற." அவன் திரும்பி, "டீச்சர், இவ பொய் சொல்றா" என்றான்.

வகுப்பே டீச்சரைப் பார்த்தது. ஒரு வார்த்தை போதும். டீச்சர் கைதட்டினார்.

"சரி சரி, எல்லாரும் வரிசையில நில்லுங்க."

அன்றைக்கு நாலு பேர் பஞ்சுவைப் பொய்க்காரி என்று கூப்பிட்டார்கள். அவள் பழையபடி மூலைக்குப் போனாள். டீச்சர் வீட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். "இந்தச் சின்ன விஷயத்துக்கா?" என்றார் கணவர். "அந்தப் புள்ளைக்குச் சின்ன விஷயமில்லீங்க" என்றார் டீச்சர். தட்டை அப்படியே கொண்டுபோய்க் கழுவிவைத்தார்.

மறுநாள் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, சுவரிலிருந்து படத்தை எடுத்தார்.

"இதை வரைஞ்சது நான்தான். அவன் பேரை நான்தான் எழுதினேன். பஞ்சு பொய் சொல்லல. பொய் சொன்னது டீச்சர்."

பஞ்சு எழுந்து வந்து படத்தைப் பார்த்தாள்.

"அப்ப என்னை யாருமே வரையலையா?"

"நான் வரைஞ்சேனே கண்ணு."

"நீங்க என்னைக் கேக்கல. எனக்குப் பலூன்னா பயம். வெடிக்கும்." படத்திலிருந்த பலூனை விரலால் மறைத்தாள். "அவன் வரைஞ்சதுன்னு நெனச்சுதான் பரவால்லன்னு இருந்தேன்."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் முன்னால் அழக்கூடாது என்ற இருபத்திரண்டு வருஷக் கட்டுப்பாடு அன்றைக்குக் காற்றில் போனது. கிரேயான் டப்பாவை அவள் மடியில் வைத்து, எதிரே தரையில் உட்கார்ந்தார். முழங்கால் கடகடத்தது.

"உனக்கு என்ன பிடிக்கும்?"

பஞ்சு டப்பாவின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் காத்திருந்தார். அவள் எப்போது மனசு மாறினாளோ, மூடி லேசாகத் திறந்தது.

அப்போது வாசலில் ஆயா வந்து நின்றாள். "டீச்சர், பெரிய டீச்சர் கூப்பிடறாங்க."

படக்கென்று மூடி மறுபடி சாத்திக்கொண்டது. பஞ்சு டப்பாவை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"போய்ட்டு வாங்க டீச்சர்," என்றாள், "நான் திறக்க மாட்டேன்."