மூன்றாவது புட்டி

அத்தையின் ஜன்னலில் எப்போதும் மூன்று சர்பத் புட்டிகள் நிற்கும். முதல் புட்டியில் தேநீர் நிறத் தண்ணீர், இரண்டாவதில் சற்று வெளிறியது, மூன்றாவதில் தெளிந்தது. எல்லாம் ஒரே கால்வாயின் கழிவுத் தண்ணீர்தான்.

அறுபதுகளில் செஞ்சியில் எங்கள் வீடு புழுங்கல் அரிசி மில்லுக்குப் பின்னால் இருந்தது. நைனாவுக்கு அங்கேதான் வேலை. நெல் ஊறிய தண்ணீரைத் திறந்துவிட்டால், வீட்டையொட்டி ஓடும் கால்வாயின் புளித்த நாற்றம் தெருவையே தூக்கும். அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து, சொஜ்ஜியைத் தொடாமலே எழுந்து போனார்கள். எல்லோரும் அவள் தலையெழுத்தை நொந்துகொண்டிருக்க, அவளோ கால்வாயோரம் மோந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். அழவேண்டிய இடத்தில் அவளுக்குக் கேள்விதான் வரும். எனக்கு அது இன்றும் ஆச்சரியம். மில் வாசலில் குடலைப் புரட்டும் தண்ணீர், ஏரிப் பக்கம் சம்பம்புல் மண்டிய பள்ளத்தைத் தாண்டியதும் ஏன் நாறவில்லை?

“அண்ணே, அந்தப் புல்லு வேருல என்னமோ இருக்குது. நம்ம வூட்டாண்ட வர்றதுக்குள்ள தண்ணிய அதுல சுத்த வுட்டுப் பாக்கலாமா?” என்று நைனாவைக் கேட்டாள். நைனா முதலாளியிடம் கெஞ்சி அனுமதி வாங்கினார். மில்லை அடுத்த தரிசில் வளைந்து வளைந்து பள்ளம் வெட்டி, மலையடிவாரத்துச் சல்லியைக் கொட்டி, சம்பம்புல்லை நட்டார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. புல் வேர்பிடித்து ஆளுயரம் வளர்ந்த பிறகு நாற்றம் மெல்லக் குறைந்தது. பள்ளத்தின் தலையிலும் நடுவிலும் கடைசியிலும் தண்ணீர் பிடித்து வைத்து, தினமும் மோந்து பார்ப்பாள்.

அப்போதுதான் வல்லத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. மிளகாய் பஜ்ஜியைக் கடித்தவர் காரம் தாங்காமல், ஜன்னலிலிருந்த மூன்றாவது புட்டியை எடுத்து மடக் மடக்கென்று குடித்துவிட்டார். நாங்கள் பதறி எழுந்தோம். தலைகுனிந்திருந்த அத்தைதான் நிமிர்ந்து, “வாசன எதுனா தெரிஞ்சுதா?” என்று ஆவலாகக் கேட்டாள். அது என்ன தண்ணீர் என்று நைனா சொல்லவேண்டியதாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா தாம்பூலம்கூட வாங்காமல் மகனை இழுத்துக்கொண்டு போனார். மறுநாள் மாப்பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று செய்தி வந்தது. அத்தை முதல்முறையாக அழுதாள். அவரை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது.

சில நாள் கழித்துத் தரகர் வந்தார். “மாப்ளைக்குப் பொண்ணு புடிச்சிருக்குதாம். தண்ணிய மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் ஓட வுடச் சொன்னாரு.”

போன மாதம் எங்கள் அடுக்ககத்தில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டிகளை அமைத்த பொறியாளர், தெளிந்த தண்ணீரை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பெருமையாக நீட்டினார். வல்லத்து மாமா காலமான பிறகு என்னோடு வந்து தங்கியிருக்கும் அத்தை அதை வாங்கி நெடுநேரம் மோந்து பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்குது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட வுடுங்க” என்றாள்.

பொறியாளருக்குப் புரியவில்லை. புட்டியை அத்தை திருப்பிக் கொடுக்கவும் இல்லை.