ஆரம்பாக்கம்: நகானோ சாரின் டீத்தூள் டப்பா

"ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி பக்கம் போனால் பார்க்க என்ன இருக்கிறது?" என்று போன பதிவின் கீழே ஒரு தம்பி கேட்டிருந்தார். ஒன்றும் இல்லை தம்பி. ஆலைகள், லாரிகள், மிச்சமிருக்கும் கொஞ்சம் வயல், ஏராளமான கொசு. ஆனால் அதற்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருக்கும் ஆரம்பாக்கத்துக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்றும் 1973இல், ஆனிக்கும் ஆடிக்கும் நடுவில். இத்தனை வருஷம் வாயைத் திறக்காததை இன்றைக்கு எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. பாரிமுனையில் இயந்திரங்கள் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. கும்மிடிப்பூண்டிக் கம்பி ஆலை ஒன்றுக்கு நாங்கள் விற்ற இயந்திரங்களைப் பூட்டிக் கொடுக்க, ஜப்பானிலிருந்து நகானோ என்று ஒரு இன்ஜினியர் வந்தார். ஆரம்பாக்கத்து வயல்களுக்கு நடுவே காலியாகக் கிடந்த ஒரு பெரிய வீட்டை அவருக்கு வாடகைக்குப் பிடித்தோம். மீன் சமைக்க ஆள் தேடினோம், ஒருவரும் வரவில்லை. கடைசியில் வந்தவர் திருவள்ளூர் கோயில் மடைப்பள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்த வீரராகவன். நகானோ சார் எட்டு மாதம் முகம் கோணாமல் தயிர்சாதத்தைக் குச்சியால் சாப்பிட்டார். பிறகு மஞ்சள் காமாலை வந்து மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் படுத்தார். வீட்டைப் பூட்டிச் சாவியை ஆபீசில் வைத்துக்கொண்டோம்.

மூன்று வாரம் ஆகியும் உடம்பு தேறவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை மானேஜர் என்னைக் கூப்பிட்டார். மறுநாள் காலை விமானத்தில் நகானோ சாரை ஊருக்கு அனுப்புகிறார்களாம். டீத்தூள் டப்பா கைக்கு வராமல் அவர் கிளம்ப மாட்டேன் என்கிறாராம். "நீ போய் எடுத்துக்கொண்டு வா." ஏழு ஆண்பிள்ளைகள் இருக்கும் ஆபீசில் என்னை ஏன் அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். ஏழு பேரும் ஃபைலைப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சென்ட்ரலில் கூடூர் பாசஞ்சர், பகல் 12.40. மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒரு ரூபாய் எண்பது பைசா என்று ஞாபகம். அறுபது கிலோமீட்டர்தான், ஆனால் வழியெல்லாம் நின்று, எல்லா ரயிலுக்கும் வழிவிட்டு, 3.25க்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்டேஷன் வாசலில் ஒரே ஒரு ஜட்கா. வீடு மூன்று கிலோமீட்டர், இரண்டு ரூபாய். பாதித் தூரம் வந்ததும்தான் வண்டிக்காரர் வாயைத் திறந்தார்.

"இன்னாம்மா, அந்த ஜப்பான்காரரு ஊட்டுக்கா போற? ஊடு பூட்டிக்கினுதானே கீது?"

"ஆமாம், சாவி என்னிடம் இருக்கிறது."

"பூட்டின ஊட்ல தெனம் நாலு மணிக்குப் பொக வருதும்மா. நாத்து நடற பொம்பளைங்கல்லாம் பாத்துட்டு மூணரைக்கே கரையேறிப் பூடுதுங்க. நான் கேட்டாண்ட வரமாட்டேன், இங்கியே நிக்கிறேன். சீக்கிரம் வந்துரும்மா, பேஜாரு பண்ணாத."

ஆபீசில் ஏழு பேரும் ஃபைலைப் பார்த்த காரணம் அப்போதுதான் புரிந்தது. நல்ல வெயில். வயலில் தண்ணீர் பளபளத்தது, ஓர் ஆள்கூட இல்லை. வீட்டின் பின்பக்கத்திலிருந்து நூல்போலப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். அந்த ஏழு முகங்களும் நினைவுக்கு வந்தன, நடந்தேன். மணி நாலுக்கு இரண்டு நிமிஷம்.

முன்கதவைத் திறந்தேன். மூன்று வாரம் பூட்டிய வீட்டில் தூசி இருக்க வேண்டும், தரை அப்போதுதான் துடைத்த ஈரத்தோடு இருந்தது. கூடத்தில் ஒரு பாய். பாயின் மேல் ஒரு கிண்ணம், அது நிறையப் பச்சை நிறத்தில் ஏதோ நுரைத்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் நான் தேடி வந்த டப்பா. உள்ளங்கைக்குள் அடங்கும், கன்னங்கரேல் என்று உருண்டை, மூடியில் பொன்தூளால் இரண்டு நாணல். மூடி முழுவதும் மூடவில்லை. நான் பார்க்கப் பார்க்க, தொடுவார் யாரும் இல்லாமல், அது தானாக மெல்ல மெல்லக் கீழே இறங்கி உட்கார்ந்தது.

இந்த ஒன்றுக்கு மட்டும் பிற்பாடு எனக்கு விளக்கம் கிடைத்தது. அந்த டப்பாவுக்கு நாட்சுமே என்று பெயர், அவர்கள் ஊர் இலந்தைப்பழத்தின் பெயராம். மரத்தைக் கடைந்து, ஒருவகை மரப்பாலைப் பூச்சுக்கு மேல் பூச்சாகத் தடவி, மாதக்கணக்கில் கையால் செய்வார்கள். மூடி அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற நேரம் பிடிக்கும், அதனால் மெதுவாக இறங்கும். ஆக, ஒரு கை அதை அப்போதுதான் வைத்திருக்கிறது. என்னைப் படுத்துவது அதற்கு அடுத்து நடந்தது.

பின்கதவுக்கு அப்பால் ஓர் இருமல். அந்தப் பக்கம் திரும்பினேன். "உள்ளே யாரு? அமுது செய்யற நேரம், பார்க்கப்படாது!" என்று ஓர் ஆண்குரல். கதவு திறந்தது. நெற்றி நிறைய நாமத்தோடு வீரராகவன். இருவரும் ஒரே சமயத்தில் பாயைப் பார்த்தோம். கிண்ணம் காலி. அடியில் பச்சை ஈரம் மட்டும் ஒட்டியிருந்தது.

"நீங்க சாப்பிட்டேளா?" என்றார்.

"இல்லை, நான் தொடவே இல்லை."

"அப்போ சரி," என்று கிண்ணத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். பிறகு யார்தான் சாப்பிட்டது என்று கேட்டேன்.

அவர் சொன்னது இதுதான். நகானோ சார் தினமும் நாலு மணிக்கு மண்டியிட்டு, அந்தக் கருப்பு உருண்டையைப் பட்டால் துடைத்து, வணங்கி, தண்ணீர் காய்ச்சி ஏதோ செய்வதைப் பார்த்து, இவர் அதைச் சாளக்ராமம் என்று எண்ணிவிட்டார். சாளக்ராமம் இருக்கும் வீட்டில் ஒரு நாள்கூட ஆராதனை விட்டுப்போகக் கூடாது. அதனால் சார் ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள், தன்னிடம் இருந்த பின்கதவுச் சாவியால் திறந்து வந்து இவர் தொடங்கினார். பெருமாளுக்குச் செய்வதுபோலவே கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

"மூடியைத் திறந்தப்புறம்தான் டீத்தூள் டப்பான்னு தெரிஞ்சுது. அன்னிக்கே நிறுத்தியிருப்பேன். திரும்பி வந்து பார்த்தா கிண்ணம் காலி. தினமும் காலி. ஒருத்தர் சாப்பிட வரார்னு தெரிஞ்சும் எப்படி நிறுத்தறது, சொல்லுங்கோ?"

ஒன்பது நாளைக்கு முன் தூள் தீர்ந்துவிட்டதாம். துளசியை நிழலில் உலர்த்தி, பொடித்து, சலித்து நிரப்பியிருந்தார். ஆஸ்பத்திரியில் சார் அதைக் கேட்பதைச் சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் டப்பாவைப் பட்டில் சுற்றிக் கொடுத்தார். "மடியிலே ஏளப் பண்ணிண்டு போங்கோ. தரையிலே மட்டும் வைக்காதேங்கோ."

5.10க்குத் திரும்பும் ரயில், ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரி. மடியில் எடையே இல்லை, இருக்கிறதா என்று வழியெல்லாம் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். நகானோ சார் எலும்பும் தோலுமாக இருந்தார். இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார். மூடியைத் திறக்கவில்லை. நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. உடைந்த ஆங்கிலத்தில் அவரே கேட்டார்.

"குக் நலமா? ஒன்பது நாளாக அது டீ இல்லை. வேறு ஏதோ இலை. தொண்டைக்கு நன்றாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள்."

பிறகு டப்பாவை என் கையிலேயே திருப்பி வைத்தார். "கொண்டு போய்விடுங்கள். நாளை நாலு மணிக்கு வேண்டும்."

மறுநாள் காலை வண்டியில் போய், நாலு மணிக்கு முன்பே வீரராகவனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். நகானோ சார் வெறுங்கையோடு விமானம் ஏறினார். ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து ஆபீசுக்குத் தந்தி: நகானோ திங்கட்கிழமை இறந்துவிட்டார், நன்றி. தந்தி வந்தது வெள்ளிக்கிழமை. வீரராகவனிடம் சொல்ல நானே போகிறேன் என்றேன், யாரும் தடுக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது நாலேகால். வீரராகவன் பின்கதவுக்கு வெளியே நின்றிருந்தார். நான் சாவுச் செய்தியைச் சொன்னதும் கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு வந்து கதவைத் திறந்து காட்டினார். கிண்ணம் காலி.

"திங்கட்கிழமையிலிருந்து?" என்றேன்.

"ஒரு நாளும் மீதி இல்லை. இப்போ என்ன பண்றது? நான் பாட்டுக்கு நிறுத்தினா, வந்து பார்த்துட்டு ஏமாந்து போவாரே. அவருக்கு யாரும் சொல்லலைன்னு தோண்றது. எனக்கு அவர் பாஷை வராது. இங்கிலீஷ்ல நீங்கதான் சொல்லணும்."

சிரிக்கத் தோன்றவில்லை. பாயின் முன்னால் மண்டியிட்டேன். கைப்பையிலிருந்து தந்தியை எடுத்தேன். காலிக் கிண்ணத்தையும் கருப்பு டப்பாவையும் பார்த்து, ஆபீசில் வாசிப்பதுபோல ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தேன். "இறந்துவிட்டார்" என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி வாசித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே ஜட்காக் குதிரை கனைத்தது, அவ்வளவுதான்.

போக விரும்புகிறவர்களுக்கு: சென்ட்ரல் புறநகர் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு இப்போது மின்சார ரயில் அடிக்கடி இருக்கிறது, ஒன்றரை மணி நேரத்துக்குள் போகலாம். ஆரம்பாக்கம் வரை போகும் வண்டி குறைவு, நேரத்தை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். நாஷ்டாவைக் கும்மிடிப்பூண்டியிலேயே முடித்துவிடுங்கள். தண்ணீர், குடை அவசியம். வீட்டைத் தேடாதீர்கள், இடித்துக் கிடங்கு கட்டிவிட்டார்கள். டப்பாவை நகானோ சாரின் மகளுக்குப் பார்சலில் அனுப்பினோம், வந்து சேர்ந்ததாகப் பதிலும் வந்தது.

அந்த வாசிப்புக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வீரராகவனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. சனிக்கிழமையும் நாலு மணிக்கு வைத்தாராம். இருட்டும்வரை கதவுக்கு வெளியே காத்திருந்தாராம். திறந்தபோது கிண்ணம் விளிம்புவரை அப்படியே ஆறிக் கிடந்ததாம். இனி வைக்கப்போவதில்லை, ஊருக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தார். ஆபீசில் எல்லார் முன்னாலும் அழுதேன். செய்தது சரிதானே என்று இன்றைக்கும் என்னோடு நானே சண்டை போடுகிறேன். செத்த பிறகும் நாலு நாள் தவறாமல் தேநீருக்கு வந்துகொண்டிருந்த மனிதரிடம், நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று சொன்னவள் நான்.