சாவு என்ற சொல் இல்லாத வீடு

துபாயில் ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் வில்லாவில், மகனுடன் தங்கியிருந்த முதியவரைக் கவனிக்கும் நர்ஸாக இருந்தேன். அவருக்குப் புற்றுநோய் கல்லீரல் வரை பரவி, இனி மருந்து பயனில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அது மகனுக்கும் எனக்கும் தெரியும். அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. "இந்த வீட்டில் நம்பிக்கையான பேச்சு மட்டும்தான்" என்று மகன் முதல் நாளே சொல்லியிருந்தார்.

அது அமெரிக்கர்கள் பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் சமயம். வாசலில் பிளாஸ்டிக் எலும்புக்கூடுகளைத் தொங்கவிட்டு, புல்தரையில் தெர்மாகோல் கல்லறைகளை நட்டிருந்தார்கள். எங்கள் கடற்கரை ஊரில் சாவை வைத்து விளையாட மாட்டோம். சாகக் கிடப்பவரைச் சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொல்வோம். இங்கே வாசலில் சாவு வேடிக்கை. உள்ளே அந்தச் சொல்லுக்கே இடமில்லை.

ஒரு மத்தியானம் முதியவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உண்மையைச் சொல்லும்மா. நான் சாகிறேனா?"

வேலை போனால் விசாவும் போகும். ஆனால் அந்தக் கண்களைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஆமா சார்."

நீளமாக மூச்சுவிட்டார். "என் மகனைக் கூப்பிடு. அவனிடம் ஒன்று சொல்ல வேண்டும்."

மகன் கையில் சாக்லேட் கூடையோடு வந்தார். "நான் போன பிறகு..." என்று அப்பா தொடங்கியதுமே, "அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா, கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகப்போறோம்" என்று தோளைத் தட்டிவிட்டு வெளியேறினார். முதியவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நடையில் மகனை மறித்துக் கெஞ்சினேன். "சார், கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காருங்க. அவர் சொல்றதைக் கேட்டாப் போதும்."

"அப்பா நல்லாயிடுவார்" என்று சிரித்தார்.

மறுநாள் சாயங்காலம், பேய் வேடம் போட்ட பிள்ளைகள் வாசலில் மிட்டாய் கேட்டுக்கொண்டிருந்தபோது, முதியவரின் உயிர் பிரிந்தது. ஸ்ட்ரெச்சருக்கு வழிவிட, அந்த வீட்டின் புதுக்கோட்டைக்கார டிரைவர் தெர்மாகோல் கல்லறைகளைப் பிடுங்கினார்.

"என்னக்கா வீடு இது?" என்றார்.

பிறகு இறுதிச் சடங்குக்குப் பதிலாக 'வாழ்க்கைக் கொண்டாட்டம்' என்று ஒன்று நடத்தினார்கள். கறுப்பு உடுத்தக் கூடாதாம். பலூன்கள், வேடிக்கைக் கதைகள், சிரிப்பு. அழுகை வந்தபோது குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

எல்லோரும் போன பிறகு மகன் சமையலறைக்கு வந்தார்.

"அப்பா என்கிட்ட என்ன சொல்ல நினைச்சார்?"

"தெரியாது சார். உங்ககிட்ட மட்டும்தான் சொல்லணும்னு இருந்தாரு."

தலையாட்டினார். பழக்கப்பட்ட அந்தச் சிரிப்பு முகத்தை விட்டுப் போகவில்லை. அப்படியே குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து, சரிந்து, தரையில் உட்கார்ந்துவிட்டார்.